முழு செட்டா, வெறும் துப்பாக்கியா? நம்பர் 4 ஸ்னைப்பரில் அசலைத் தேர்ந்தது எப்படி

கனடாவில் குடியேறிய என் அக்காள் மகன், கம்மவான்பேட்டையிலிருந்து பர்மாப் போருக்குச் சென்ற தன் தாத்தாவின் நினைவாக, அக்காலத்து 'நம்பர் 4 மார்க் 1 டி' ரக ஸ்னைப்பர் துப்பாக்கி ஒன்றை அங்குள்ள உரிமத்தின் பேரில் வாங்க விரும்பினான். அதன் தோட்டா அளவான பாயிண்ட் 303 நம் நாட்டில் தடை செய்யப்பட்ட ரகம் என்பதால் அது வேலூருக்கு வரப்போவதில்லை. ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், விற்பனைக்கு வந்த இரண்டின் படங்களையும் எனக்கு அனுப்பி, "மாமா, எதை எடுக்கலாம்?" என்று கேட்டான்.

முதலாவது தொலைநோக்கி, அதைப் பூட்டும் பிராக்கெட், மரப்பெட்டி, தோள்வார் எல்லாம் சேர்ந்த முழு செட். இரண்டாவதில் தொலைநோக்கியே இல்லை. தோளில் ஊன்றும் மரக்கட்டையிலும் கீறல்கள் இருந்தன. இரண்டாவதையே எடுக்கச் சொன்னேன்.

கன்னத்தைச் சாய்த்துக்கொள்ளும் கன்னக்கட்டை, மரப்பெட்டி, தோள்வார் ஆகியவை தனியே விலைக்குக் கிடைப்பவை. அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. பார்க்க வேண்டியது முத்திரைகளை. தொழிற்சாலைச் சோதனையில் நன்றாகக் குறி தவறாமல் சுட்ட துப்பாக்கிகளுக்கு இடப்பக்கம், கட்டை பொருந்தும் இரும்புக் கழுத்தில் 'டிஆர்' என்று அடித்தார்கள். 1942 முதல் அவற்றில் பெரும்பாலானவை ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்துக்குச் சென்று, மூன்று மடங்கு பெரிதாக்கும் நம்பர் 32 தொலைநோக்கியைப் பெற்றன. குழலும் பூட்டும் பொருந்தும் இரும்பு உடற்பகுதியில் 'டி', கட்டையின் அடியில் 'எஸ்51' ஆகியவை அங்கே சேர்ந்தவை. அதன்பின் தொலைநோக்கியின் எண்ணைக் கைப்பிடிக் கழுத்தின் மரத்திலும், துப்பாக்கியின் எண்ணைப் பிராக்கெட்டிலும் பொறித்து, இதற்கு இதுதான் என்று இணைத்துவிட்டார்கள்.

நாங்கள் எடுத்தது பி.எஸ்.ஏ. தொழிற்சாலையில் 1944-இல் செய்தது. அதன் கைப்பிடிக் கழுத்தில் உள்ள இலக்கங்களின் ஓரம் மழுங்கி, பள்ளங்களில் எண்ணெயும் அழுக்கும் இறுகி, மரத்தின் நிறத்தோடே கறுத்திருந்தன. முழு செட்டில் அதே இடம் இழைக்கப்பட்டு, இலக்கங்களுக்குள் வெளிறிய மரம் தெரிந்தது. பிராக்கெட்டின் எண்ணிலோ உலோகம் பிதுங்கிய கூர்மை அப்படியே இருந்தது. போதாக்குறைக்கு, தொலைநோக்கிக்கு இடிக்காமலிருக்க அரைத்து எடுத்திருக்க வேண்டிய, பின்குறியின் (கண்ணருகே வைத்துக் குறிபார்க்கும் பாகம்) நிலையான பார்வைத்துளை அதில் முழுசாக நின்றது. சாதாரணத் துப்பாக்கியில் பின்னாளில் பாகங்களைப் பூட்டியிருக்கிறார்கள் என்றுதான் நான் கொள்கிறேன்.

மறுவிற்பனையை நினைத்தால் இந்த ஒரு காரணமே போதும். அசல் உடற்பகுதிக்குத் தொலைநோக்கியைப் பின்னால் தேடிச் சேர்க்கலாம். சாதாரண உடற்பகுதியை எவ்வளவு செலவழித்தாலும் அசலாக்க முடியாது. விவரம் தெரிந்தவர் கையில் அந்த முழு செட்டு உதிரிப் பாகங்களின் விலைக்கு இறங்கிவிடும். தொலைநோக்கியைத் தனியே வாங்கும்போது கண்ணாடி மங்கியிருக்கிறதா என்று சோதித்து வாங்கவும் வழியிருக்கிறது.

ஆனால் என் பழக்கம் பெரும்பாலும் பிரிட்டனில் செய்தவற்றோடுதான். படத்தை வைத்து நான் சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு. கனடாவின் லாங் பிராஞ்ச் தொழிற்சாலை தானே மாற்றியமைத்தவற்றில் 'எஸ்51' இராது. ஆகவே அந்த முத்திரை இல்லை என்பதற்காக மட்டும் ஒன்றை ஒதுக்கிவிடாமல், கைப்பிடிக் கழுத்தின் எண்ணையும் பின்குறியையும் நேரில் பார்த்த பிறகே விலை பேசுமாறு மருமகனிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்ததாக லாங் பிராஞ்ச் ஒன்றையும் அவன் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.