ஒரே பெண், ஒரே சிரிப்பு, எல்லார் போர்ட்ஃபோலியோவிலும்

42 வயதில் புகைப்படம் படிக்கச் சேர்ந்தேன். வேலையை விடாமலே படிக்கலாம், 6 மாதத்தில் தொழிலுக்குத் தயாராகிவிடலாம் என்றார்கள். பயிற்சி மையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்பெர்ச்சர் (லென்ஸ் எவ்வளவு திறக்கிறது), ஷட்டர் (எவ்வளவு நேரம் வெளிச்சம் உள்ளே வருகிறது), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமராவின் உணர்திறன்) எல்லாம் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கோளாறு ஸ்டுடியோ வகுப்பில். நாங்கள் உள்ளே போகும்போதே லைட் வைத்து முடித்திருப்பார்கள். மாடல் உட்கார்ந்திருப்பார். பலகையில் அப்பெர்ச்சர் எஃப்/8, ஷட்டர் 1/125 நொடி, ஐஎஸ்ஓ 100. வரிசையில் நின்று, தரையில் ஒட்டிய டேப்பின் மேல் கால் வைத்து, பத்துப் படம் அமுக்கிவிட்டு நகர வேண்டும். ஸாஃப்ட்பாக்ஸை, அதாவது லைட்டை மென்மையாக்கும் துணிப்பெட்டியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். "பின்னாடி ஆள் நிக்கிறாங்க சார்" என்றார் ஆசிரியர். படம் என்னவோ பிரமாதமாக வந்தது. வீட்டில் காட்டிப் பீற்றிக்கொண்டதுதான் மிச்சம்.

படிப்பு முடிந்து ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். என் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்த உரிமையாளர் மூன்றாவது படத்தில் நிறுத்தினார். தன் போனில் எதையோ தேடி எடுத்து என்னிடம் நீட்டினார். அதே பெண், தாடைக்குக் கீழே அதே நிழல், அதே சிரிப்பு. வேறு யாரோ வேலை கேட்டு அனுப்பிய போர்ட்ஃபோலியோ, அதாவது படத் தொகுப்பு. "இதுல உங்க வேலை எது?" என்றார். என்ன சொல்ல?

இருந்தும் ஒரு நிகழ்ச்சிக்கு உதவிக்குக் கூப்பிட்டார். பின்னால் வெளிச்சம் அதிகம் என்று ஷட்டரை 1/500க்கு ஏற்றிவிட்டு, டிரிகரில் (ஃப்ளாஷைத் தூரத்திலிருந்து இயக்கும் கருவி) ஃப்ளாஷ் அடித்தேன். எல்லாப் படத்திலும் ஓரமாக ஒரு கறுப்புப் பட்டை. ஷட்டரில் திறக்க ஒரு திரை, மூட இன்னொரு திரை. இந்த வேகத்தில் ஃப்ளாஷ் மின்னும்போதே அந்த இரண்டாவது திரை மூட ஆரம்பித்துவிடுகிறது. பல கேமராக்களில் 1/200, 1/250 தாண்டினாலே இப்படித்தான். பலகையில் ஏன் 1/125 என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்னொன்று. மையத்தின் 'களப் பயிற்சி' என்று நான்கு நிகழ்ச்சிகளில் சம்பளமில்லாமல் ஸ்டாண்ட் தூக்கினேன், படமும் எடுத்தேன். மெமரி கார்டை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். படங்களைக் கேட்டதும் சேர்க்கைப் படிவத்தை நீட்டினார்கள்: பயிற்சியில் எடுக்கும் படங்கள் அனைத்தும் மையத்துக்கே சொந்தம். கீழே என் கையெழுத்து. பொடி எழுத்து என்றுகூடச் சாக்குச் சொல்ல முடியாது, நல்ல பெரிய எழுத்துதான்.

சேரப்போகிறவர்கள் மையத்தின் விளம்பரப் படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். அங்கே படித்த மூன்று பேரின் படங்களை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிழல் எல்லாம் ஒரே மாதிரி விழுந்திருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். லைட்டை யார் நகர்த்துவார்கள் என்பதையும், படம் யாருக்குச் சொந்தம் என்பதையும் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "அதான் சான்றிதழ் வாங்கிட்டீங்களே சார்" என்றார்கள். இப்போது ராத்திரியில் மேசைமேல் ஒரு வெள்ளை முட்டை, ஒற்றை விளக்கு, விளக்குக்கு முன்னால் ஒரு மெல்லிய வெள்ளைத் துணி. துணியை முட்டைக்குக் கிட்டே கொண்டுவரக் கொண்டுவர நிழலின் ஓரம் கரைகிறது. நேற்றுதான் பிடிபட்டது.