கன்னியா வெந்நீரும் அம்மாவின் முழங்காலும்

ஊருக்குப் போனால் கன்னியா வெந்நீரூற்றில் குளிக்க வேண்டும் என்று ரொறன்ரோவிலிருந்தே அம்மா சொல்லிக்கொண்டு வந்தார். முழங்காலில் குருத்தெலும்பு நன்றாகத் தேய்ந்துவிட்டது என்று டொக்டர் சொன்ன பிறகு அந்த ஆசை இன்னும் கூடிவிட்டது.

திருகோணமலையிலிருந்து அநுராதபுரம் வீதியில் 8 கிலோமீற்றர் அளவில், ஓட்டோவிலேயே போய்விடலாம். தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் உண்டாக்கிய ஊற்று என்பார்கள். எங்கள் அம்மம்மாவின் அந்தியேட்டியும் அங்கேதான் நடந்தது. கிணறுகள் ஏழும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. உள்ளே இறங்க முடியாது, வாளியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டும். அம்மாவால் குனிய முடியவில்லை. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, "அம்மா, நீங்க நில்லுங்கோ, நான் ஊத்திறன்" என்று வாளியை வாங்கிக்கொண்டாள். முதலில் இளஞ்சூடு, பிறகு அடுத்த கிணற்றுத் தண்ணீர், அப்புறம் நல்ல சூடு என்று முழங்காலைப் பார்த்துப் பார்த்து ஊற்றினாள். அன்று பின்னேரம் அம்மா கைத்தடி இல்லாமலே கடற்கரைக்கு நடந்து வந்தார்.

அடுத்த நாள் நாங்கள் தங்கிய விடுதியில் 'கனிமநீர் சிகிச்சை' என்று ஒரு பக்கேஜ் விற்க வந்தார்கள். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளருமாம். வலியோடு இருக்கும் வயதானவர்களிடம் இப்படிச் சொல்லிக் காசு வாங்குவது பெரிய அநியாயம்.

குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசைந்து, பாரம் ஏறி இறங்கும்போதுதான் மூட்டுத் திரவத்திலிருந்து அதற்குச் சத்துப் போகிறது. தேய்ந்தது லேசில் மீளாததற்கு அதுவும் ஒரு காரணம். கந்தக நீரில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைட், ஆய்வுகூடத்தில் வளர்த்த குருத்தெலும்புக் கலங்களில் அழற்சியைக் குறைத்திருக்கிறது. நல்ல செய்திதான், ஆனால் மனித முழங்காலில் குருத்தெலும்பு வளர்ந்ததற்கு அது சாட்சி ஆகாது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் என்ற அமைப்பின் மதிப்பாய்வு ஒன்று 2007இல் வந்தது. அது, 498 பேரை வைத்துச் செய்த 7 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கனிமநீர்க் குளியலால் ஓரளவு பலன் தெரிந்தாலும், ஆய்வுகளின் தரம் போதாது என்றே அது சொன்னது. ஐரோப்பாவில் இந்தச் சிகிச்சைக்கு வருபவர்கள் இரண்டு மூன்று வாரம் தினமும் 20 நிமிடமளவில் தொட்டியில் கிடக்கிறார்கள். நாங்கள் ஊற்றியதோ சில வாளி. அம்மாவுக்குக் கிடைத்தது சூட்டின் சுகம், தசை இளகியதால் வந்த ஆறுதல். அதுவே பெரிய விஷயம்.

பக்கேஜுக்குக் கேட்ட காசில் ஒரு சின்னப் பகுதிதான் நகரத்துப் பிசியோதெரபிஸ்ட்டுக்குச் செலவானது. அவர் அம்மாவைக் கதிரையில் இருத்தி, தொடைத் தசையை இறுக்கிக் காலை நீட்டும் பயிற்சியைப் பொறுமையாகக் காட்டித் தந்தார். வெந்நீரில் குளித்து வந்த கையோடு செய்தால் வலி குறைவாக இருக்கும் என்றார். அப்படியே செய்தோம்.

பெற்றோரைக் கூட்டிக்கொண்டு கன்னியாவுக்குப் போகிறவர்கள் விடியப்புறமே போங்கள், கூட்டம் குறைவு. ஈரத் தரை வழுக்கும், ரப்பர் செருப்புப் போட்டுவிடுங்கள். இருந்து குளிக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்டூலும் எடுத்துப் போங்கள்.