100 வெள்ளிக்குச் சமையல் கத்தி: பெட்டித் தொகுப்பா, தனித்தனிக் கத்திகளா?

பினாங்கில் 100 வெள்ளியை (ரிங்கிட்) ஒட்டிய தொகைக்குச் சமையல் கத்தி வாங்க நினைக்கும் குடும்பத்தின் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. மரத்தாங்கியில் செருகி வைத்த பன்னிரண்டு, பதின்மூன்று உருப்படிகள் கொண்ட பெட்டித் தொகுப்பு முதலாவது. வண்ணப் பூச்சுக் கத்திகள் ஐந்தாறு அடங்கிய பரிசுப் பெட்டி இரண்டாவது. லெபு பாசார்ப் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் ஒவ்வொன்றாக வாங்கக்கூடிய தாய்லாந்தின் கிவி கத்திகள் மூன்றாவது. கையைச் சற்றுத் தாராளமாக விட்டால், சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் செய்யும் ஃபைப்ராக்ஸ் கத்தி ஒன்றையோ, பாலத்துக்கு அப்பால் பத்து காவானில் உள்ள ஐக்கியாவின் 365 பிளஸ் வரிசையில் ஒன்றிரண்டையோ வாங்குவது நான்காவது. இவற்றுள் எது தரமானது என்பதை வீட்டில் இரண்டு மாதம் புழங்கிய பிறகே பெரும்பாலோர் தெரிந்துகொள்கிறார்கள். அந்த இரண்டு மாதத்தைக் கடையில் நிற்கும்போதே ஓரளவு கணித்துவிடலாம் என்பது என் கருத்து.

முதலில் விலக்கி வைக்க வேண்டியது புதுக் கத்தியின் கூர். காகிதத்தைச் சீவிக் காட்டுவதும் தக்காளியை மெல்லிதாக அரிந்து காட்டுவதும் மிக மலிவான கத்தியாலும் முதல் நாளில் முடியும். அது ஆலையில் கடைசியாகச் சாணை பிடித்த விதத்தைச் சொல்லுமே தவிர எஃகின் தரத்தைச் சொல்லாது. கத்திகளைச் சோதிப்பதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8442-5 இவ்விரண்டையும் பிரித்தே அளக்கிறது. சிலிக்கா கலந்த அட்டையைக் கத்தியால் திரும்பத் திரும்ப அறுக்கச் செய்து, தொடக்க அறுப்புகளில் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை ஒரு கணக்காகவும், சோதனை முடியும் வரை மொத்தம் எவ்வளவு அறுபட்டது என்பதை இன்னொரு கணக்காகவும் எடுக்கிறார்கள். கடையில் நமக்குக் காட்டப்படுவது முதல் கணக்கு. அடுப்படியில் நமக்கு வேண்டியது இரண்டாவது.

அந்த இரண்டாவது கணக்கைத் தீர்மானிப்பதில் எஃகுக்குப் பெரும்பங்கு உண்டு. பெட்டித் தொகுப்புகளின் மேல் 'உயர் கார்பன் துருப்பிடிக்காத எஃகு' என்று எழுதியிருப்பதற்கு அளவு எதுவும் இல்லை. எண் குறிப்பிட்டிருந்தால் மட்டுமே அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. 3சிஆர்13 (3Cr13) என்று இருந்தால் கார்பன் சுமார் 0.3 விழுக்காடு, குரோமியம் சுமார் 13 விழுக்காடு என்று பொருள். அது எளிதில் தீட்டப்படும், எளிதில் மழுங்கும். 5சிஆர்15எம்ஓவி (5Cr15MoV) என்று இருந்தால் கார்பன் 0.5 விழுக்காட்டை ஒட்டியது. ஜெர்மானியக் கத்திகளிலும் விக்டோரினாக்ஸிலும் பயன்படும் எக்ஸ்50சிஆர்எம்ஓவி15 (X50CrMoV15) என்ற எஃகுக்கு ஏறக்குறைய நிகரானது. ஆகவே சீனாவில் செய்த தொகுப்பு என்பதாலேயே ஒன்றை ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. ஒரே அடுக்கில், ஒரே விலையில், இவ்விரு எஃகுகளும் அருகருகே இருக்கக்கூடும். எண்ணைத் தேடிப் படிப்பவருக்கே அந்த வேறுபாடு தெரியும்.

18/10 என்ற எண்ணைப் பார்த்து ஏமாறுவோர் பலர். அது தட்டுக்கும் கரண்டிக்கும் குழம்புச் சட்டிக்கும் உகந்த எவர்சில்வர். பளபளக்கும், துரு ஏறாது. ஆனால் அதைச் சூடேற்றித் தோய்ச்சல் கொடுத்துக் கடினமாக்க முடியாது என்பதால் அலகுக்கு அது பயன்படாது. ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவது இங்கே உதவும். எஃகு அலகில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அந்தக் கத்தியை அங்கேயே வைத்துவிட்டு வரலாம். ஒட்டினாலும் அது நல்ல கத்தி என்று முடிவு கட்டிவிட இயலாது, ஏனெனில் 3சிஆர்13 எஃகிலும் காந்தம் நன்றாகவே ஒட்டும். அலகின் மேல் அலை அலையாகத் தெரியும் டமாஸ்கஸ் வரிகளும் இந்த விலையில் பெரும்பாலும் லேசர் கொண்டு வரைந்தவையே. அவை கண்ணுக்கு அழகு, வெங்காயத்துக்கு ஒன்றுமில்லை.

எஃகில் கிவி கத்தி பெரிதாக வென்றுவிடுகிறதா என்றால், இல்லை. அதுவும் மென்மையான எஃகுதான். எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் விக்டோரினாக்ஸ் 55, 56 என்று நிற்கும்போது இது அதற்குக் கீழேயே இருக்கிறது. ஆனால் அதன் அலகு மிக மெல்லியது, கூருக்குச் சற்று மேலேயும் மெல்லியது. கத்தி எவ்வளவு எளிதாகக் காய்க்குள் இறங்கும் என்பது நுனிக் கூரை மட்டும் பொறுத்ததன்று. அதற்குப் பின்னால் ஆப்புபோல வரும் பகுதியின் தடிமனையும் பொறுத்தது. பெட்டித் தொகுப்பின் பெரிய கத்தி கேரட்டைப் பாதி வரை அறுத்து, மீதியைப் பிளந்துகொண்டு போவதற்குக் காரணம் இந்தத் தடிமன்தான். அந்தக் கனத்தைத் தரத்தின் அடையாளமாக விற்பனையாளர்கள் காட்டுவதும், கையில் எடுத்துப் பார்ப்பவர் 'திடமாக இருக்கிறது' என்று மகிழ்வதும் வழக்கம். சிறிதளவு மழுங்கிய கிவி, புதிதாகத் தீட்டிய தடித்த கத்தியைவிட எளிதாக வெங்காயம் நறுக்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

எண்ணிக்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதின்மூன்று உருப்படி என்றால் அதில் ஆறு இறைச்சித் துண்டு அறுக்கும் மேசைக் கத்திகள், ஒரு கத்தரிக்கோல், ஒரு தீட்டுக்கோல், தாங்கி ஒன்று, எஞ்சுவது நான்கு. சாம்பாரும் மீன்குழம்பும் சமைக்கும் வீட்டில் அன்றாடம் கைக்கு வருவது ஒரு பெரிய கத்தியும் ஒரு சிறு கத்தியும் மட்டுமே. சில ஆண்டுகளுக்கு முன் புதுவீடு புகுந்தபோது எங்களுக்குக் கிடைத்த அத்தகைய தொகுப்பு ஒன்றில், மூன்றாம் மாதம் ஒழுங்காக அறுத்தது பல் வைத்த ரொட்டிக் கத்தி மட்டும்தான். மற்றவற்றின் அடியில் புள்ளிப் புள்ளியாகத் துரு. புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் உப்பும் பட்ட அலகை உடனே கழுவித் துடைக்காமல் தாங்கியில் செருகியது எங்கள் தவறு. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் காயவே காயாத ஆழமான மரத்துளைகளைச் செய்து கொடுத்தது அவர்கள் தவறு. துளைகளுக்குள் பூஞ்சை பிடித்திருந்ததை ஒரு நாள் விளக்கடித்துப் பார்த்த பிறகே அறிந்தோம்.

வண்ணப் பூச்சுப் பெட்டி இந்த ஒப்பீட்டில் விரைவில் வெளியேறிவிடுகிறது. காய்கறி ஒட்டாது என்பதற்காகப் பூசியது முதன்முறை கல்லில் தீட்டும்போதே கீறல் விழத் தொடங்கும். அதோடு சில பெட்டிகளில் கண்ணாடி வெட்டுப்பலகை ஒன்றை இலவசமாக வைத்திருப்பார்கள். கண்ணாடியைவிட வேகமாகக் கூரை அழிக்கும் பலகை வேறு இல்லை. உள்ளூரில் எளிதில் கிடைக்கும் ரப்பர் மரப்பலகை அந்தப் பெட்டி முழுவதையும்விட மதிப்புள்ளது.

பிடியைப் பொறுத்தவரை கிவி கத்திக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அதன் மரப்பிடி சொரசொரப்பானது. மரமும் அலகும் சேரும் இடத்தில் நீர் தேங்கினால் அங்கிருந்தே பழுது தொடங்கும். ஃபைப்ராக்ஸின் வழுக்காத செயற்கைப் பிடி அலகோடு இடைவெளியின்றி வார்க்கப்பட்டிருப்பதால், மீன் கழுவிய கைக்கு அது வெகுவாகப் பொருந்துகிறது. பெட்டித் தொகுப்புகளில் மூன்று ஆணிகள் தெரிந்தாலும் அவை அலகை ஊடுருவிச் செல்பவைதாமா, வெறும் ஒப்பனையா என்று பிடியின் முதுகுப்புறத்தைப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்: எஃகுப் பட்டை பிடியின் கடைசி வரை ஓடுகிறதா என்பதே கேள்வி. ஓடாவிட்டாலும் பெரிய குற்றமில்லை. ஃபைப்ராக்ஸிலும் அது வெளியே தெரிவதில்லை. ஓடுவதுபோல நடிப்பதுதான் குற்றம்.

கடையில் செய்ய வேண்டிய வேறு இரண்டு சோதனைகள் எளியவை. பிடியைக் கண்ணருகே வைத்து அலகின் முதுகு வழியே நோக்கினால் அது நேராக இருக்கிறதா, ஒரு பக்கம் வளைந்திருக்கிறதா என்பது புலப்படும்; மலிவுக் கத்திகளில் இந்த வளைவு அரிதன்று. பிறகு கூரைக் கடைமேசையில் பட வைத்து, அடியிலிருந்து நுனி வரை மெல்ல உருட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் எங்கேனும் வெளிச்சம் தெரிந்தால், கீரை நறுக்கும்போது தண்டுகள் அறுபடாமல் மாலைபோலத் தொங்கும்.

மென்மையான எஃகு விரைவில் மழுங்கும் என்று மேலே சொன்னது கிவிக்கும் பொருந்தும் என்றால், அதை ஏன் பரிந்துரைக்க வேண்டும்? தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி, கத்தியைக் கல்லில் தேய்க்காமல் ஒரு நாளும் நிரைக்குப் போனதில்லை என்பார். மழுங்கிய கத்தி பட்டையைச் சீவுவதற்குப் பதிலாக மரத்தையே காயப்படுத்திவிடும் என்பதால், தீட்டுவது அவருக்குத் தனி வேலையாக இல்லை. வெட்டும் வேலையின் முதல் பகுதியாகவே இருந்தது. கிவி அத்தகைய கத்தி. 1000 எண் கொண்ட சாணைக்கல்லில், பக்கத்துக்கு ஏறக்குறைய 15 பாகை சாய்வில், வாரத்துக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் அது போதும் என்னும்; கல் இல்லாத நாளில் பீங்கான் குவளையின் அடியிலுள்ள பளபளப்பற்ற வளையம்கூடச் சமாளிக்கும். அதே கல்லில் தடித்த தொகுப்புக் கத்தியைத் தீட்டப் பல மடங்கு நேரமாகிறது, பிடியருகே தடித்த எஃகுக் கழுத்து கூர் வரை இறங்கியிருந்தால் அடிப்பகுதி கல்லில் படவே மறுக்கிறது. இழுத்துத் தீட்டும் மலிவுச் சாதனங்கள் அலகை வேகமாகத் தின்றுவிடும். அவற்றை எந்தக் கத்திக்கும் நான் சொல்லமாட்டேன்.

தீட்டவே விருப்பமில்லாத வீட்டுக்கு என் விடை மாறும். அங்கே கிவி ஒரு மாதத்தில் வெறுப்பை ஏற்படுத்தும். ஃபைப்ராக்ஸ் 20 சென்டிமீட்டர் கத்தி ஒன்றை 100 வெள்ளியைத் தாண்டியும் வாங்கி, தீட்டுக்கோலில் அவ்வப்போது உரசிக்கொண்டு, ஆண்டுக்கு ஓரிரு முறை சாணைக்காரரிடம் கொடுப்பது அவர்களுக்கு ஏற்றது. ஐக்கியாவின் 365 பிளஸ் மாலிப்டினமும் வனடியமும் கலந்த எஃகால் ஆனது, விலையில் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது; ஆனால் கிவியின் மெல்லிய அலகும் ஃபைப்ராக்ஸின் பிடியும் அதில் இல்லை. பாலம் கடந்து போகும் வேறு வேலை இருந்தால் பார்க்கலாம்.

தீட்டும் வீட்டுக்கோ, பெரிய கிவி ஒன்று, சிறு கத்தி ஒன்று, கல் ஒன்று, ரப்பர் மரப்பலகை ஒன்று என்று 100 வெள்ளிக்குள் முடிந்துவிடும். கோழியை எலும்போடு துண்டு போட மட்டும் இவற்றில் எதையும் எடுக்கக் கூடாது. மெல்லிய அலகின் கூர் ஒரே வெட்டில் சிதைந்துவிடும். அதற்குத் தடித்த வெட்டுக்கத்தி ஒன்றைத் தனியே வாங்க வேண்டும், அதில் மட்டும் கனத்தைப் பார்த்து வாங்கலாம்.