ஃபிரிட்ஜ் சாப்பாட்டுக்கு, தண்ணீருக்கு வேறு வழி

ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட் என்ற கணினி விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த எண்ணம் வந்தே தீரும். ஃபிரிட்ஜ் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, கைக்குச் சூடான தண்ணீரும் கிடைக்கிறது, அப்படியென்றால் அதை உள்ளே வைத்துக் குளிர வைத்தால் என்ன? நானும் கட்டிப் பார்த்தேன். ஃபிரிட்ஜின் பட்டியலில் சாப்பாட்டு வகைகள் மட்டும்தான் வரும், தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே இடமில்லை.

அதற்காக ஃபிரிட்ஜைக் குறை சொல்ல மாட்டேன். 100 கிலோ உணவு கொள்ளும். குளிர வைக்கும்போது 120 வாட் இழுக்கும், குளிர்ந்த பிறகு 20 வாட்தான். நிரம்பிவிட்டால் ஆட்டோமேஷன் வயரில் சிக்னல் தருவதால், சமையலறையை அதோடு இணைத்துத் தேவையில்லாமல் சமைப்பதை நிறுத்தலாம். கீழே ஒரு குழி வெட்டி, கார்பன் டை ஆக்சைடு தேங்குகிற இடத்தில் வைத்தால் உணவு இன்னும் நாள்பட நிற்கும். அந்த வேலைக்கு இதைவிட எளிய பொருள் விளையாட்டின் ஆரம்பத்தில் கிடையாது.

ஆனால் என் பிரச்சினை தண்ணீர். வாட்டர் கீசரிலிருந்து, அதாவது விளையாட்டில் நிலத்திலிருந்து வெந்நீர் பீய்ச்சும் ஊற்றிலிருந்து, வருவது 95 டிகிரி, பிரிஸில் ப்ளாஸம் செடியோ 5 முதல் 30 டிகிரிக்குள்தான் வளரும். அந்தத் தண்ணீரை அப்படியே பாய்ச்சினேன், கொஞ்ச நாளில் தோட்டமே சூடாகிச் செடிகள் நின்றுவிட்டன. சரி, லிக்விட் ரிசர்வாயர் என்ற தொட்டியில் நிரப்பி வைத்தால் ஆறிவிடும் என்று பார்த்தால், 5 டன் வெந்நீர் லேசில் ஆறுவதில்லை, சுற்றியிருக்கும் அறையைத்தான் அது சூடாக்குகிறது. ரிசர்வாயர் சேமிக்க மட்டும்தான். ஐஸ் மேக்கரில் ஐஸ் செய்து வெந்நீர்த் தொட்டியில் போடலாம், போட்டும் பார்த்தேன், சின்ன குளத்துக்குப் போதும், ஆனால் ஆட்கள் நாள் முழுக்கச் சுமந்துகொண்டே இருக்க வேண்டும்.

கடைசியில் நிற்பது தெர்மோ அக்வாட்யூனர்தான், திரவத்துக்கான உண்மையான ஃபிரிட்ஜ் என்று நான் சொல்வது இதைத்தான். 1,200 வாட் எடுத்துக்கொண்டு, உள்ளே வரும் எந்தத் திரவத்தையும் 14 டிகிரி குறைத்து அனுப்புகிறது. எந்தத் திரவமானாலும் அதே 14 டிகிரி என்பதால், வெப்பத்தை நிறையப் பிடித்து வைக்கிற திரவத்தை விட்டால் அதே மின்சாரத்துக்கு அதிகக் குளிர்ச்சி கிடைக்கும். தண்ணீர் விநாடிக்கு 10 கிலோ ஓடினால், விநாடிக்குச் சுமார் 585 கிலோ டிடியூ (டிடியூ என்பது விளையாட்டின் வெப்ப அலகு) வெப்பம் வெளியேறும். அந்த வெப்பம் காற்றில் கரைந்துபோவதில்லை, முழுக்க இயந்திரத்தின் மீதே ஏறுகிறது. அதனால் அதை ஸ்டீலில் கட்டி நீராவி அறைக்குள் வைத்து, மேலே ஸ்டீம் டர்பைன் வைக்க வேண்டும். 125 டிகிரியைத் தாண்டிய நீராவியை டர்பைன் எடுத்துக்கொண்டு 95 டிகிரி தண்ணீராகத் திருப்பித் தருகிறது, செலவழித்த மின்சாரத்தில் ஒரு பகுதியும் திரும்பி வருகிறது. வெப்பம் எங்காவது போயே ஆக வேண்டும் என்பதை இவ்வளவு நேர்மையாக வைத்திருக்கும் விளையாட்டை நான் வேறு பார்த்ததில்லை.

ஒரு தடவை நன்றாகப் பட்டேன். 9 டிகிரியில் இருந்த சாதாரண தண்ணீரை அப்படியே அக்வாட்யூனருக்குள் விட்டேன். அது மைனஸ் 5 ஆகி, குழாய்க்குள்ளேயே ஐஸாகி, குழாய் உடைந்து, நீராவி அறைக்குப் பக்கத்தில் எல்லாம் தண்ணீர். அன்றிலிருந்து அக்வாட்யூனர் வழியாகச் சுற்றி வரும் குழாயில் அழுக்குத் தண்ணீர்தான். வெப்பம் பிடிப்பது இரண்டும் ஒன்றுதான், ஆனால் நல்ல தண்ணீர் மைனஸ் 0.65 டிகிரியிலேயே உறையும், அழுக்குத் தண்ணீர் மைனஸ் 20.65 வரை தாங்கும். அக்வாட்யூனருக்கு முன்னால் குழாயில் வெப்பநிலை சென்சார் ஒன்றும் வைத்துவிட்டேன், போதுமான அளவு குளிர்ந்திருந்தால் இயந்திரம் தானாக நிற்கும்.

அப்புறம், டர்பைனையும் மறக்காதீர்கள். 100 டிகிரி தாண்டினால் அதுவும் நின்றுவிடும், அதனால் குளிர்ந்த குழாயை முதலில் டர்பைனுக்குப் பின்னால் ஓட்டிவிட்டுத்தான் நான் தோட்டத்துப் பக்கம் கொண்டுபோகிறேன்.