லோடு வண்டி திணறுதா, சைலன்சர் வெடிக்குதா? பம்ப்பை மாற்றச் சொல்லும் முன் படியுங்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பழைய பெட்ரோல் எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் அடிக்கும் வகை) லோடு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி ஒரு நொடி திணறிவிட்டு அப்புறம்தான் இழுக்கிறது. லோடோடு காட்பாடி மேம்பாலம் ஏறினால் மூன்றாவது கியரில் பிக்கப்பே இல்லை. காலை எடுத்தால் சைலன்சரில் டப் டப் என்று வெடி. இந்தப் புகாரோடு போகிற வண்டிக்குச் சில பட்டறைகளில் பானட்டைத் திறக்கும் முன்பே பில் தயாராகிவிடுகிறது.

நேதாஜி மார்க்கெட்டுக்குக் காய்கறி அடிக்கும் ஒரு கார்கோ வேனுக்கு நடந்ததைப் பாருங்கள். பைபாஸ் ஓரத்துப் பட்டறை, பெயர் வேண்டாம். முதலில் இன்ஜெக்டர் கிளீனிங், 2,400 ரூபாய். மாற்றம் இல்லை. அடுத்து "பம்ப்பு வீக்காகீதுணா" என்று புது பெட்ரோல் பம்ப், 6,500. பிரஷர் கேஜ் போட்டுப் பார்க்கவில்லை, பழைய பம்ப்பைத் திருப்பித் தரவுமில்லை. அப்புறம் "கன்வெர்ட்டர் அடைச்சிக்கினு கீது, அறுத்துட்டா ஃப்ரீயா போவும்" என்று, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை அறுத்தெடுத்துவிட்டு வெறும் பைப்பை வைத்து வெல்டிங், 3,000. அதோடு வெடி இரண்டு மடங்காகியது. கடைசியில் ஈசிஎம் (இன்ஜினின் கம்ப்யூட்டர்) போய்விட்டது, செகண்ட் ஹேண்டில் 18,000 ஆகும் என்றதும் உரிமையாளர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கோளாறு இருந்த இடம் வேறு. இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து, அங்குள்ள அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்குப் போகும் விரல் நீள ரப்பர் ஹோஸ் நுனியில் வெடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது, அடிப்பக்கம் கையால் தடவினால் பிளவு விரலில் தட்டும். வேலூர் வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்தால் பத்து வருஷ ரப்பர் அப்பளமாகிவிடுகிறது.

இந்தச் சின்ன ஹோஸ் ஏன் இவ்வளவு செய்கிறது? இந்த வகை இன்ஜினில், மேனிஃபோல்டில் எவ்வளவு வேக்குவம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் அடிப்பது என்று ஈசிஎம் முடிவு செய்கிறது. சாவி போட்டு இன்ஜின் ஓடாதபோது மேப் சிக்னல் ஒயரில் சுமார் 4 வோல்ட்டோ சற்று மேலோ இருக்கும். ஐடிலிங்கில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) 1 முதல் 1.5 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும். ஹோஸ் வெடித்தால் வெளிக்காற்று சென்சாருக்குள் போய் ஐடிலிங்கிலேயே 2.5, 3 வோல்ட் காட்டும். முழு லோடில் மலை ஏறுகிறோம் என்று நினைத்து ஈசிஎம் பெட்ரோலைக் கொட்டும். பிளக் கரி படிந்து கறுக்கும், மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் விடுவது) வரும், எரியாத பெட்ரோல் சைலன்சரில் போய் வெடிக்கும். மைலேஜ் இறங்கி, பின்னால் கறுப்புப் புகையும் வந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு மல்டிமீட்டரும் ஐந்து நிமிஷமும் போதும்.

கன்வெர்ட்டர் சமாச்சாரம் இதைவிட மோசம். அதன் உள்ளே இருக்கும் தேன்கூட்டுக் கல்லில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு உண்டு. காயலான் கடையில் அதற்குத் தனி விலை. உங்களிடம் அறுக்கக் கூலி வாங்கிக்கொண்டு, அறுத்ததை விற்று அங்கேயும் காசு பார்க்கிறார்கள். அந்த வேனில் வெல்டிங் சரியாக ஒட்டவில்லை, அதுவும் புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்குப் பக்கத்திலேயே. ஓட்டை வழியாக உள்ளே போகும் காற்றைப் பார்த்து, பெட்ரோல் குறைவு என்று சென்சார் தப்பாகச் சொல்லும். ஈசிஎம் இன்னும் கொஞ்சம் சேர்த்து அடிக்கும். ஏற்கெனவே அதிகம், அதற்கு மேல் இது. காலை எடுக்கும்போது அதே ஓட்டையில் காற்றும் கிடைப்பதால் வெடி பலமாகும். புகைப் பரிசோதனையில் அடிபடுவது தனி.

கன்வெர்ட்டர் நிஜமாகவே அடைவதும் உண்டு. மிஸ்ஸிங்கோடு மாசக்கணக்கில் ஓட்டினால் எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து கல் உருகிவிடும். ஆனால் அதை அறுக்காமலே பார்க்கலாம். ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் கேஜ் போட்டு 2,500 ஆர்பிஎம்மில் பார்த்தால் 3 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் அடைப்பு. அப்போதும் மிஸ்ஸிங்கைச் சரிசெய்யாமல் புது கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் உருகும்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? வெடி எந்தப் பக்கம் என்று முதலில் காதால் கேளுங்கள். சைலன்சரில் என்றால் பெட்ரோல் அதிகம், மிஸ்ஸிங், அல்லது எக்ஸாஸ்ட் லீக். ஏர் ஃபில்டர் பக்கம் வெடித்தால் கதை வேறு: பெட்ரோல் குறைவு, டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியது, இன்டேக் வால்வ் சரியாக மூடாதது, பிளக் ஒயர் இடம் மாறியது. நாலு சிலிண்டர் வண்டியில் பெரும்பாலும் 1-3-4-2 வரிசைதான். ஒயரைக் கழற்றி மாட்டிய மறுநாளே வெடி ஆரம்பித்தால் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்து நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். நாலும் கறுப்பு என்றால் பொதுவான காரணம்: மேப், பெட்ரோல் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், இன்ஜின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சார். ஒன்று மட்டும் கறுப்பு என்றால் அந்த ஒயர், அந்த இன்ஜெக்டர், அந்த சிலிண்டரின் கம்ப்ரஷன். நாலும் வெளுத்துக் கிடந்தால் பெட்ரோல் போதவில்லை. ஈ20 பெட்ரோலில் எத்தனால் சேர்வதால் பழைய வண்டிக்குக் கலவை கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும், ஆனால் அது மட்டுமே இப்படித் திணற வைக்காது. இருட்டியபின் இன்ஜினை ஓடவிட்டு ஒயர்கள் மேல் தண்ணீரைப் புகைபோல ஸ்பிரே செய்தால், கசிகிற ஒயரில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கை வைக்காதீர்கள்.

பம்ப்பைப் பற்றிப் பேசுபவரிடம் கேஜ் எங்கே என்று கேளுங்கள். பழைய எம்பிஎஃப்ஐ வண்டிகளில் பெட்ரோல் பிரஷர் பொதுவாக 2.5 முதல் 3 பார் இருக்கும். சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உண்டு. ரெகுலேட்டரில் வேக்குவம் ஹோஸ் உள்ள வண்டி என்றால் ஐடிலிங்கில் அதைப் பிடுங்கினால் பிரஷர் சுமார் அரை பார் ஏற வேண்டும். அந்த ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. நின்ற இடத்தில் சரியாக இருந்து, லோடில் ஏற்றத்தில் மட்டும் பிரஷர் விழுந்தால் முதலில் ஃபில்டரை மாற்றுங்கள், பம்ப்பை அப்புறம் பார்க்கலாம்.

மிதிக்கும் அந்த ஒரு கணம் மட்டும் திணறினால், ஆக்ஸிலேட்டர் எவ்வளவு மிதிபட்டது என்று சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சார். அதன் சிக்னல் ஒயரில் த்ராட்டில் மூடியபோது அரை வோல்ட்டுக்குச் சற்று மேல், முழுதாகத் திறந்தால் 4 வோல்ட்டுக்கு மேல். மெதுவாகத் திறந்துகொண்டே முள் மீட்டரைப் பாருங்கள். நடுவில் முள் ஒருமுறை விழுந்து எழுந்தாலும் சென்சார் தேய்ந்திருக்கிறது. டிஜிட்டல் மீட்டரில் இது பெரும்பாலும் கண்ணில் படாது.

ஈசிஎம் என்பது ஆகக் கடைசி. அதன் எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே இன்ஜின் ஓடும்போது 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் துருப்பிடித்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் பல "போன" ஈசிஎம்கள் உயிர்பெறும்.

பட்டறையில் விடும்போது இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்கேனரில் வந்த ஃபால்ட் கோடு எண்ணை எழுதி வாங்கும் வரை பேட்டரி டெர்மினலைக் கழற்றக் கூடாது. கழற்றினால் அந்த எண் அழிந்து, இரண்டு நாள் செக் இன்ஜின் லைட் வராமல் "சரியாகிவிட்டது" என்று தோன்றும். கழற்றிய பார்ட் எல்லாம், முக்கியமாகக் கன்வெர்ட்டர், உங்கள் கைக்கே வர வேண்டும். "அண்ணா, பழசெல்லாம் ஒரு சாக்குல கட்டி வண்டியிலயே வெச்சிடுங்க" என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட்டால் பாதி பார்ட் மாற்றப்படாமலே வண்டி சரியாகிவிடும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போடலாம். பட்டறைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். லோடு வண்டி வணிக வாகனம் என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டுபவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது, அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். பில் கையெழுத்தில் துண்டுச்சீட்டாக இருந்தாலும் தேதி, வண்டி எண், பட்டறை முத்திரை மூன்றும் அதில் இருக்கட்டும்.