தேய்ந்த சாவியும் சிப் வைத்த சாவியும்: இரண்டு வண்டிகளில் நீண்டகால அனுபவம்

என்னிடம் இரண்டு வண்டிகள் உள்ளன. ஒன்று பத்தாண்டுகளுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் 100 சிசி வண்டி. அதற்குச் சாதாரணச் சாவி. மற்றொன்று இம்மொபிலைசர் (சாவிக்குள் இருக்கும் சிப்பின் குறியீடு பொருந்தினால்தான் எஞ்சினைக் கிளம்பவிடும் மின்னணுத் தடுப்பு) பொருத்திய 400 சிசி வண்டி. இரண்டையும் வைத்துப் பழகியதில் நான் வந்து சேர்ந்த முடிவு, வண்டியோடு கொடுக்கப்படும் இரண்டாவது சாவியைத் தொடாமல் பத்திரப்படுத்தினால், பின்னாளில் சாவியால் வரக்கூடிய செலவில் பெரும்பகுதி மிச்சமாகும் என்பதே.

பழைய வண்டியின் சாவி தேய்ந்ததை எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது பெட்ரோல் டேங்க் மூடிதான். இக்னிஷனில் வழக்கம்போலத் திரும்பிய அதே சாவி, பங்க்கில் டேங்க் மூடியை மட்டும் திறக்க மறுத்தது. காரணம் பூட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. பூட்டின் உருளைக்குள் ஸ்பிரிங் வைத்த மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும். சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒரு தகட்டைச் சரியான உயரத்துக்கு இழுத்து, உருளையின் விளிம்போடு சமமாக நிறுத்தினால்தான் பூட்டு திரும்பும். இக்னிஷன் பூட்டு அன்றாடம் சாவியோடு சேர்ந்தே தேய்வதால், தேய்ந்த சாவியை அது ஏற்றுக்கொள்கிறது. எப்போதோ ஒரு முறை திறக்கப்படும் டேங்க் பூட்டு அவ்வளவாகத் தேயாததால், அதன் தகடுகளில் ஒன்று மயிரிழை வெளியே நீட்டிக்கொண்டு சிக்கிவிடுகிறது.

அப்போது பீரோவிலிருந்த இரண்டாவது சாவியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எந்தப் பூட்டிலும் தடங்கல் இல்லாமல் திரும்பியது. ஆகவே பழுது சாவியில்தான் என்பது உறுதியாயிற்று. அந்தத் தேயாத சாவியும் முரண்டு பிடித்திருந்தால் பழுது பூட்டில் இருக்கிறது என்று கொள்ளலாம். மெக்கானிக்கிடம் போவதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய நம்பகமான சோதனை இது.

டூப்ளிகேட் எடுக்கும்போது, பையிலிருக்கும் அன்றாடச் சாவியையே நீட்டிவிடுவது பலரின் வழக்கம். சாவிக்கடை இயந்திரம் வைத்ததை வைத்தபடி வெட்டும். தேய்மானத்தையும் சேர்த்தே வெட்டும். இயந்திரத்தின் சிறு பிசகும் அதோடு சேர்ந்துகொள்வதால், அப்படி எடுத்த நகல் மூலச் சாவியைவிட மோசமாகத்தான் அமையும். தொடாத சாவியைக் கொடுத்து வெட்டி வாங்கிய நகல் எனக்கு எல்லாப் பூட்டுகளிலும் வேலை செய்தது; வெட்டு முடிந்ததும் பிசிறுகளை அரத்தால் தேய்த்துத் தரும்படி கேட்டு வாங்கினேன். தொடாத சாவி இல்லாதவர்கள், புதிய வண்டியோடு சிறு தகட்டிலோ சாவியின் மேலேயோ பொறித்து வரும் எண்ணைத் தேடிப் பார்க்கலாம். அந்த எண்ணைக் கொண்டு டீலர் மூலம் தேய்மானம் இல்லாத அளவில் சாவி பெற வழி உண்டு. பல வண்டிகளில் இக்னிஷன் துளையை மூடும் ஷட்டரும் இருக்கிறது. அதைத் திறக்கும் அறுகோண முனை சாவியின் தலையிலேயே காந்தங்களோடு அமைந்திருக்கும். வெறும் தகட்டுச் சாவியை நகலெடுத்துக்கொண்டு, ஷட்டர் மூடியிருக்கும்போது வண்டியருகே போய் நின்றால் பயனில்லை.

பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அன்றைக்குச் சுகமாகத் திரும்பும். ஆனால் எண்ணெயில் புழுதி ஒட்டிப் பசையாகி, தகடுகள் நகர முடியாமல் நின்றுவிடும். கிராஃபைட் தூளைச் சிறிதளவு ஊதிவிட்டு, சாவியைப் பல முறை உள்ளே விட்டு எடுப்பதே எனக்குப் பலன் தந்தது. வீட்டுச் சாவி, அலுவலகச் சாவி, சாமி படம் என்று கொத்தாகத் தொங்கவிடுவதையும் நிறுத்திவிட்டேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்த எடை முழுவதும் பூட்டின் வாயில்தான் ஆடுகிறது.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி கையோடு வந்துவிடுகிறது, பக்கத்து வீட்டுக்காரரின் சாவிக்கும் இக்னிஷன் திறக்கிறது என்ற நிலை வந்துவிட்டால் டூப்ளிகேட்டைப் பற்றி யோசிப்பது வீண். பூட்டையே மாற்ற வேண்டும். இக்னிஷனை மட்டும் மாற்றினால் டேங்குக்கு ஒரு சாவி, சீட்டுக்கு வேறொரு சாவி என்று சுமக்க நேரும். எல்லாப் பூட்டுகளும் ஒரே சாவிக்குத் திறக்கும்படி சேர்ந்து வரும் முழு லாக் செட்டாக வாங்குவதே நல்லது. சென்னையில் இருப்பவர்களுக்குப் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டை நினைவுக்கு வரலாம். கழற்றி எடுத்த பழைய பூட்டு மலிவாகக் கிடைத்தாலும், அதன் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்பது தெரியாதென்பதால் நான் அதை வாங்கமாட்டேன்.

இம்மொபிலைசர் வண்டியின் கதை வேறு. சாவியின் தலைக்குள் இருக்கும் சிப்புக்கு பேட்டரி கிடையாது. இக்னிஷன் வாயைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளின் காந்தப்புலத்திலிருந்தே அது சக்தி பெற்று, தன் குறியீட்டைத் திருப்பி அனுப்புகிறது. அந்தக் குறியீடு பதிவோடு பொருந்தாவிட்டால், சாவி எவ்வளவு அழகாகத் திரும்பினாலும் எஞ்சின் பற்றாது. ஒயரை வெட்டி இணைத்து வண்டியைக் கிளப்பும் திருட்டுக்கு இது நல்ல தடை. குட்டி யானை எனும் சிறு சரக்கு வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு போகிறவனை இது என்ன செய்யும்?

இந்த வண்டியில் எனக்கு நேர்ந்த ஒரே தொல்லை, சில நாட்களில் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு மின்னி, எஞ்சின் கிளம்ப மறுத்ததுதான். காரின் சிப் சாவியையும் அதே வளையத்தில் மாட்டியிருந்தேன். இரண்டு சிப்புகளும் கம்பிச்சுருளின் எல்லைக்குள் சேர்ந்து வரும்போது குறியீட்டைப் படிப்பதில் குழப்பம் வருகிறது. வளையங்களைப் பிரித்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. பல வண்டிகளின் கையேடுகளிலும் இந்த எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது.

சிப் சாவி தொலைந்தால் உலோகத்தை வெட்டுவது பாதி வேலைதான். புதிய சிப்பை வண்டியில் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. யமஹாவின் இம்மொபிலைசர் மாடல்களில் இரண்டு கறுப்புச் சாவிகளோடு, பதிவு செய்வதற்கென்றே ஒரு சிவப்புச் சாவி வரும். சிவப்பு தொலைந்தாலும் கறுப்புச் சாவியில் வண்டி ஓடும். ஆனால் அதன்பின் புதிய சாவி வேண்டுமென்றால் இம்மொபிலைசர் அமைப்பு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று கையேடே சொல்கிறது. கேடிஎம்மின் சில மாடல்களில் அதே பொறுப்பு ஆரஞ்சுச் சாவிக்கு. ஹோண்டாவின் ஹிஸ் (HISS) எனும் இம்மொபிலைசர் அமைப்பில் நான்கு சாவிகள் வரை பதியலாம். ஆனால் எல்லாச் சாவிகளும் தொலைந்தால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியையே மாற்ற நேரிடும். ஆகவே ஒரு சாவி தொலைந்த உடனேயே, மிச்சமிருக்கும் சாவி கையிலிருக்கும்போதே, இன்னொன்றைப் பதிவு செய்துகொள்வதுதான் சிக்கனம். காணாமற்போன சாவியின் குறியீட்டை நீக்க முடியுமா என்றும் அப்போதே சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் இழப்பீட்டுக்கு முன் இரண்டு மூலச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். ஒன்று தொலைந்திருந்தால், தொலைந்த காலத்திலேயே காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனு பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் ஒப்புகை) வாங்கி வைத்திருப்பது, பின்னால் வரும் கேள்விகளுக்குப் பதிலாக அமையும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இரண்டு சாவிகளையும், சாவி எண் பொறித்த தகட்டையும், சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறப் பதிவுச் சாவி வரும் மாடலானால் அதையும் கையில் வாங்கி, ஒவ்வொரு பூட்டிலும் போட்டுப் பார்த்துவிட்டு விலை பேசலாம். நிறச் சாவி இல்லையென்றால், மின்னணுப் பெட்டியும் லாக் செட்டும் மாற்ற ஆகும் தொகையை டீலரிடம் எழுத்தில் வாங்கி, அதைக் கழித்துக்கொண்டு விலை கேட்பதே நியாயம்.