தெற்கா, கிழக்கா? ஒரு வாரத்தில் இலங்கை

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் அனுப்பும் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: சீகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, யால, காலி, அப்புறம் முடிந்தால் திருகோணமலை. எல்லாம் ஏழே நாளில். தமிழ்நாட்டில் பாதி அளவுள்ள தீவுதானே என்ற தைரியம். ஆனால் மலைப்பாதையில் நூறு கிலோமீட்டர் போக மூன்று, நாலு மணி நேரம் பிடிக்கும். அப்படி ஓடியவர்கள் ஊர் திரும்பியபின் நினைவில் நிற்பது வேனின் ஜன்னல்தான்.

ஒரு வாரம்தான் கையில் இருக்கிறது என்றால் ஒரு பக்கத்தை விட்டுவிடத்தான் வேண்டும். தெற்குச் சுற்று என்றால் காலி, மிரிஸ்ஸ, யால, எல்ல. கிழக்குச் சுற்று என்றால் சீகிரியா, பொலன்னறுவை, மின்னேரியா, திருகோணமலை. எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த மாதம் வருகிறீர்கள் என்றுதான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. தெற்குக் கடல் கொந்தளிக்கும், கிழக்குக் கடல் குளம்போலக் கிடக்கும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. அப்போது நிலைமை தலைகீழ். டிசம்பரில் திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக் கடற்கரையில் அறை மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டவர் மூன்று நாள் மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

மாதம் உங்கள் கையில் இருந்தால் என் ஓட்டு கிழக்குக்கு, அதுவும் ஓகஸ்டில். பழைய நகரம், யானை, கடல் மூன்றும் கிட்டக் கிட்ட இருக்கின்றன. ஹபரணையில் தங்கினால் சீகிரியா, மின்னேரியா, பொலன்னறுவை எல்லாமே ஒரு மணி நேரத்துக்குள். அங்கிருந்து திருகோணமலை ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

முதலில் தொல்லிடங்கள். காலிக் கோட்டை அழகுதான். 1588இல் போர்த்துக்கீசர் தொடங்கியது, 1640இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெருப்பித்தது. 2004 சுனாமியில் கோட்டைக்கு வெளியே நகரம் சிதைந்தபோது உள்ளே இருந்தவர்களைக் காத்தது இந்த மதில். மாலை வெயில் தாழ்ந்தபின் மதில்மேல் ஒரு சுற்று நடந்தால் போதும். அரை நாள் வேலை. அங்கே கண்டெடுத்த, சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் வெட்டிய கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ காலத்துக் கல் அது. காலியில் அதைத் தேடி அலையாதீர்கள்.

சீகிரியாவுக்கு வந்தால் எல்லாரும் ஏறுவது 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் அரண்மனை கட்டிய அந்தப் பாறையில். ஏறத்தாழ 1,200 படி. ஓவியங்கள், கண்ணாடிபோல மெருகேற்றிய ‘கண்ணாடிச் சுவரில்’ பழங்காலத்துப் பார்வையாளர்கள் கீறிவைத்த கவிதைகள், சிங்கப் பாதம் இதெல்லாம் வேறு எங்கும் கிடையாது. ஆனால் சீகிரியாவின் மேலே நின்றால் சீகிரியா தெரியாது! அதற்கு எதிரே இருக்கும் பிதுரங்கல பாறையில் ஏற வேண்டும். கட்டணமும் குறைவு. கடைசிக் கொஞ்சத் தூரம் படி இல்லை; பெரிய கற்களின் இடுக்கில் கையை ஊன்றி ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் சீகிரியாவிலேயே நின்றுகொள்ளலாம், அங்கே கைப்பிடி இருக்கிறது. குளவி கலைந்தால் சத்தம் போடாதீர்கள் என்ற பலகையை மட்டும் விளையாட்டாக எடுக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால் காலி, சீகிரியா இரண்டையும்விடப் பொலன்னறுவைக்கு ஒரு முழு நாள் கொடுப்பேன். சோழர் ஆண்ட நகரம். இரண்டாம் சிவாலயம் என்று பலகை போட்டிருக்கும் சிறிய கற்கோயில்தான் வானவன்மாதேவி ஈச்சரம். சுவரில் ஓடும் தமிழ் எழுத்தை விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் பார்க்கத் தோன்றும். தொட வேண்டாம், கண்ணாலேயே படியுங்கள். பிறகு கல் விகாரை. ஒரே பாறையில் நான்கு புத்தர் சிலைகள். கிடக்கும் சிலை சுமார் 14 மீட்டர். தலையணையைக் கூர்ந்து பாருங்கள்: தலை வைத்த இடத்தில் மெத்தை அமுங்கியதுபோலக் கல் லேசாகக் குழிந்திருக்கும். பாறையின் கரும்பட்டைகள் மரத்தின் ரேகைபோல முகத்தின் குறுக்கே ஓடும். புனித இடங்களில் செருப்பைக் கழற்ற வேண்டும், நண்பகல் மணல் காலைச் சுட்டுவிடும்; ஒரு சோடி காலுறை பையில் இருக்கட்டும். சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பதையும் தவிர்க்க வேண்டும்.

காட்டு விலங்குகளில்தான் போட்டி கடுமை. சிறுத்தை பார்க்க வேண்டும் என்றால் யால. ஆனால் யாலவின் முதலாம் பிரிவில் ஒரு சாரதிக்குச் சிறுத்தை தென்பட்டால் போதும், பத்து நிமிடத்தில் இருபது ஜீப் முட்டிக்கொண்டு நிற்கும். சிறுத்தையின் வாலைவிட முன்னால் நிற்கும் ஜீப்பின் புகைதான் அதிகம் தெரியும். செப்டம்பர் தொடங்கி சில வாரங்கள் வறட்சிக்காக மூடுவதும் வழக்கம். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு வில்பத்து; இலங்கையின் மிகப் பெரிய தேசிய வனம், சிறுத்தையும் கரடியும் உண்டு, ஆனால் பொறுமை வேண்டும்.

மின்னேரியாவில் வேறு கதை. மகாசேனன் 3ஆம் நூற்றாண்டில் கட்டிய குளம். ஓகஸ்ட், செப்டம்பரில் நீர் வற்றி, கரையில் பசும்புல் முளைக்கும். சுற்றுக் காடுகளிலிருந்து யானைகள் நூற்றுக்கணக்கில் இறங்கி வரும். ஏதாவது ஒரு யானையை மட்டும் கவனித்து, அது எப்படிச் சாப்பிடுகிறது என்று பாருங்கள். முன்னங்கால் நகத்தால் புல்லின் அடியை உதைத்துக் கிளப்பி, தும்பிக்கையால் சுருட்டி, காலில் இரண்டு அடி அடித்து மண்ணை உதறிவிட்டுத்தான் வாயில் போடும். இதற்கு ஒரு நிபந்தனை: குளம் நிரம்பியிருந்தால் புல் இல்லை, புல் இல்லாவிட்டால் யானை இல்லை. அன்றைய நிலவரத்தை ஹபரணை ஜீப் சாரதிகளிடம் கேளுங்கள். குளம் நிரம்பியிருந்தால் பெரும்பாலும் பக்கத்துக் கவுடுல்ல வனத்துக்குத் திருப்பிவிடுவார்கள்.

கடற்கரையில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. மிரிஸ்ஸ, உனவட்டுன இரண்டிலும் இரவில் வெளிச்சம், பாட்டு, கூட்டம். திமிங்கிலம் தெற்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை. குழந்தைகளோடு போகிறவர்களுக்குக் கிழக்கே பாசிக்குடாவைப்போல ஒரு இடம் இல்லை. வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான். அலைச்சறுக்குக்கு அதே கரையில் அறுகம்பே. திருகோணமலையில் கோணேசர் கோயில் கடலுக்கு மேலே செங்குத்துப் பாறையில் நிற்கிறது. கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. கோயிலும் கடலும் ஒரே நாளில் என்றால் வீட்டுப் பெரியவர்களும் முணுமுணுக்காமல் வருவார்கள்.

கிழக்குச் சுற்று தோற்கும் இடம் மலை. அதை மறைக்க முடியாது. தேயிலைச் சரிவும் ரயிலும் வேண்டும் என்றால் தெற்குச் சுற்றுத்தான், அல்லது கிழக்கில் இரண்டு நாளைக் குறைத்துக் கண்டி வழியாக ஏற வேண்டும். கண்டியிலிருந்து எல்ல வரை ஆறேழு மணி நேரம் ரயிலில் உட்கார வேண்டியதில்லை. நானுஓயாவில் ஏறினாலே நல்ல பகுதி முழுவதும் கிடைத்துவிடும். மண்சரிவில் பாதை தடைபடுவதுண்டு, முதல் நாளே நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லவில் 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க இப்போது பாலத்தைவிட நீளமான கூட்டம். நான் எல்லவுக்கு முன்னால் வரும் அப்புத்தளையிலேயே இறங்கிவிடுவேன். விடியுமுன் ஓட்டோ பிடித்து லிப்டன் சீற் என்ற மலை உச்சிக்குப் போய் ஒரு பிளேன்டீ குடித்தால், பனி மூடுவதற்குள் சரிவு முழுவதும் தெரியும். ஹோட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்கும் இதே கணக்குத்தான்: காலை ஒன்பது, பத்துக்குப் பிறகு போனால் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள்.

ஏப்ரலில்தான் லீவு என்பவர்களுக்கு: இரண்டு கரையிலும் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். ஆனால் 13, 14ஆம் திகதி புத்தாண்டுக்குக் கடைகள் பூட்டு, பஸ் குறைவு, நுவரெலியாவில் அறை கிடைக்காது. அந்த இரண்டு நாளும் ஓரிடத்தில் அசையாமல் இருக்கும்படி திட்டம் போடுங்கள். ஒக்டோபர் என்றால், பிற்பகல் இடிமழைக்கு எந்தப் பக்கமும் விதிவிலக்கில்லை. மலை ஏறுவதையும் காட்டுக்குள் போவதையும் காலையிலேயே முடித்துவிடுங்கள்.